இலங்கைத் தோப்பில் பெய்த மழை

பைன் மரங்கள் முதன்முதலாகக் காய் பிடித்த வருடத்தில்தான் இமயத் தோப்பில் பனி கொட்ட ஆரம்பித்தது. அது தை மாதம், கொடைக்கானலுக்கு மேலே வெள்ளிப்பாறையில் விடிந்ததும் புல்லெல்லாம் வெளுத்துக் கிடப்பது வழக்கம்தான் என்பதால், விறகு பொறுக்கப் போன மூக்காயி தோப்புக்குள் கணுக்கால் புதையப் பனி கிடப்பதைப் பார்த்துவிட்டு, “இந்த வருசம் குளிரு கொஞ்சம் தூக்கல்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு கட்டைத் தலையில் தூக்கி வைத்து வீடு வந்து சேர்ந்தாள். பக்கத்துத் தோப்பில் ஒரு பொட்டுப் பனிகூட இல்லையே என்று அவளிடம் கேட்டதற்கு, அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள், மரத்திடம் போய்க் கேளுங்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான், மரத்திடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் சரிவில் இருந்ததெல்லாம் ஊசியிலை மரங்கள்தான் என்றாலும் ஒவ்வொரு தோப்புக்கும் விதை ஒவ்வொரு தேசத்திலிருந்து வந்தது. ஆராய்ச்சி நிலையத்து அதிகாரி டாக்டர் வேதநாயகம் மெக்சிகோவிலிருந்து கொஞ்சம், இமயமலை அடிவாரத்திலிருந்து கொஞ்சம், பிலிப்பைன்ஸிலிருந்து கொஞ்சம், இலங்கையின் மலைநாட்டிலிருந்து கொஞ்சம் என்று விதை தருவித்து, அக்கம்பக்கமாகப் போட்டு, எந்த ஊர் விதை இந்த மண்ணில் நெடுநெடுவென்று வளர்கிறது, எது குறுகிப்போகிறது, எது நேராக நிற்கிறது, எது கோணிக்கொள்கிறது என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக வந்த மரங்களின் நுனிக் குச்சியை வெட்டி நாற்றில் ஒட்டுக் கட்டி, சரிவுக்குக் கீழே ஒரு விதைப் பண்ணை போட்டு, அங்கே விளையும் விதையை மலை முழுவதும் விதைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. மரங்கள் வளர்ந்து பருவத்துக்கு வந்து காய்த்தபோது, ஒவ்வொரு தோப்பும் தன் விதை விளைந்த ஊரின் வானத்தைத் தன் தலைக்கு மேல் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டது. காரணம் அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் தேடவும் இல்லை.

ஊர் இதைப் பழகிக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. மெக்சிகோவில் பொழுது விடிந்தால் இங்கே பொழுது சாய்ந்திருக்கும் என்பதால் பகலில் அந்தத் தோப்புக்குள் நட்சத்திரம் தெரிந்தது. பகலில் தூங்காமல் படுத்தும் கைக்குழந்தைகளை அங்கே கொண்டுபோய்க் கிளையில் தொட்டில் கட்டினார்கள், படுத்ததும் அவை தூங்கின. ஐப்பசி அடைமழையில் வெள்ளிப்பாறையே சொதசொதவென்று கிடக்கும்போது மெக்சிகோத் தோப்பில் மட்டும் காய்ந்த காற்று வீசும், ஆகவே ஈரத் துணியெல்லாம் அங்கேதான், எந்தக் கிளை யாருடையது என்கிற சண்டையும் அங்கேதான். மிளகாய் காயப்போடுகிறவர்கள் இராத்திரியில் போட்டார்கள், மெக்சிகோ வெயிலில் அது வீட்டு மிளகாயைவிட உறைப்பாகக் காய்ந்தது என்று பெருமை வேறு. இமயத் தோப்புப் பனியை வாளியில் அள்ளி மீன்காரர் விலைக்கு வாங்கிப் போனார். பிலிப்பைன்ஸ் தோப்பில் வருடத்துக்கு ஒருமுறை புயல் அடிக்கும், ஒரு தடவை அது மூக்காயி வீட்டு ஆட்டுக் கிடாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, அதற்கு யாரிடம் நஷ்டஈடு கேட்பது என்று தெரியாமல் அவள் அந்தத் தோப்பைப் பார்த்தே திட்டித் தீர்த்தாள்.

இலங்கைத் தோப்பில் மழை பெய்தது. மழை பெய்யாத ஊரா என்று மற்றவர்கள் அதைச் சட்டை செய்யவே இல்லை. ஆனால் தோப்புகளில் களை எடுக்கவும் ஒட்டுக் கட்டவும் வேலைக்கு இருந்த சனமெல்லாம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்து, அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனியில் குடியிருந்த சனம். அவர்களில் ஒருத்திதான் அமராவதி. ஒட்டுக் கட்டுவதில் அவள் கைக்கு ஒரு ராசி இருந்தது, அவள் கட்டிய குச்சி வாடியதே இல்லை. வைகாசி முடிகிற சமயம், வெள்ளிப்பாறையில் சுள்ளென்று வெயில் அடிக்கிற ஒரு காலையில், இலங்கைத் தோப்புக்குள் களை எடுக்க நுழைந்தவள் மேல் அந்த மழை விழுந்தது. துளி பெரிசில்லை, விடாமல் சாய்ந்து சாய்ந்து அடிக்கிற சாரல், அதோடு பச்சைக் கொழுந்தை வாட்டுகிற ஸ்டோரின், தேயிலை ஆலையின் வாசனை. அவள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாள். ஹட்டனுக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில் அவள் பிறந்து, வேலைக்குப் பேர் போட்டு, கொழுந்தெடுத்து, பிள்ளை பெற்ற மழை அது. தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு அந்த மழையில் வருடக்கணக்காக நின்றவளுக்கு வேறு எந்த மழையோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது.

அமராவதிக்குத் தோட்டத்தின் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. வரிசை வீடுகளான அந்த லயத்து இருட்டையும், அட்டைக் கடியையும், கங்காணியின் வாயையும் அவள் கனவில்கூடத் தேடியதில்லை. அவளுக்கு அங்கே ஒரே ஒரு பொருள் விட்டுப்போயிருந்தது, அது அவள் மகள் தெய்வானை. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்தபோது, அமராவதிக்கும் அவள் புருஷன் சன்னாசிக்கும் இந்தியா என்று வந்தது, கல்யாணம் கட்டிக்கொடுத்த வீட்டோடு தெய்வானைக்கு இலங்கை என்று வந்தது. ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய ரயிலுக்கு அந்தச் சனம் அழுகைக் கோச்சி என்றே பெயர் வைத்திருந்தது, ஏனென்றால் உள்ளே இருக்கிறவர்களும் அழுவார்கள், பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களும் அழுவார்கள். தெய்வானை மட்டும் அழவில்லை. கோச்சி நகரும்போது கூடவே நடந்து வந்து, “மழை வருது, ஜன்னலைச் சாத்திக்கம்மா” என்றாள். அமராவதி ஜன்னலைச் சாத்தவே இல்லை, கப்பலேறுகிற தலைமன்னார் வரைக்கும் நனைந்துகொண்டே போனாள்.

அதற்குப் பிறகு கடிதம் எப்போதாவது வரும். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, யோகராணி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று ஒன்று வந்தது. அப்புறம் வரத்து நின்றுபோனது. கடிதம் நின்ற இடத்தில்தான் மழை வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து அமராவதி தன் மகளோடு குடித்தனம் நடத்தினாள் என்றே சொல்ல வேண்டும். காலையில் வேலைக்குப் போகுமுன் இலங்கைத் தோப்பில் போய் நிற்பாள். மழை வலுத்திருந்தால், “இன்னைக்கு மேட்டு மலையில கொழுந்து எடுக்கவுட மாட்டான், அரை நாள் பேருதான் போடுவான், தெய்வானை வீட்டுலதான் இருப்பா” என்று நிம்மதியாகச் சிரிப்பாள். தூறலாக இருந்தால், “பாவம், கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பா” என்பாள். மூடுபனி இறங்கிவிட்டால், மகள் பாதையில் வழுக்கி விழுந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று தானும் அடிமேல் அடி வைத்து நடப்பாள். “அங்க வெயிலடிக்குது, புள்ளைக்கித் தலைக்கி ஊத்திவிடுவா” என்று ஒரு மாசி மாதம் அவள் சொன்னதைக் கேட்டு, “நீயே ஊத்திவிட்ட மாதிரில்ல பேசுற” என்று சன்னாசி கிண்டல் பண்ணினான். ஆனால் அவனும் வேலை முடிந்து வருகிற வழியில் ஒதுங்கிக்கொள்கிற சாக்கில் அந்தத் தோப்புக்குள் போய்விட்டு, சட்டை ஈரத்தோடு வீட்டுக்கு வருவான். வெள்ளிப்பாறையில் அப்போது மேகமே இருக்காது.

ஒருத்திக்குத் தெரிந்தால் காலனிக்கே தெரிந்த மாதிரி. ஆளாளுக்கு அங்கே விட்டுவந்தவர்கள் இருந்தார்கள், அண்ணன், அக்காள், கட்டிக்கொடுத்த மகள், கல்லறைகள். அதே காலனிக்காரியான மூக்காயிக்கு ஒரே மகன் முருகவேல் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தான். மாத்தளையிலிருந்து வந்தவர்கள், இது ஹட்டன் பக்கத்து மழை, எங்கள் ஊரில் இந்நேரம் காய்ந்து கிடக்கும், உங்கள் மழை எங்களுக்கு எதற்கு என்று முதலில் முறுக்கிக்கொண்டார்கள். அப்புறம், தூரத்து உறவு என்றாலும் உறவுதானே என்று அவர்களும் வந்து ஓரமாக நின்று நனைந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அந்த மழைத் தண்ணீரைப் பிடித்துச் சுடவைத்து ஊற்றினார்கள். புதிதாகக் கல்யாணமானவர்களை அழைத்து வந்து நனையவிட்டு, அங்கேயிருக்கிற பெரியவர்களின் ஆசீர்வாதம் கிடைத்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். மழை விட்டால்தான் அந்தக் காலனிக்குக் கவலை வந்தது.

மரமாகப் பார்த்தால் இலங்கைத் தோப்பைப் போல உருப்படாத தோப்பு அந்தச் சரிவிலேயே கிடையாது. மெக்சிகோ மரங்கள் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்குப் போய்விட்ட பிறகும் இலங்கை மரங்கள் கூனிக்கொண்டும் கிளைத்துக்கொண்டும் குட்டையாகவே நின்றன. அதோடு போனாலும் பரவாயில்லை, பூக்கிற காலத்தில் அவை கொட்டுகிற மஞ்சள் மகரந்தத் தூள் காற்றோடு இறங்கி, கீழே விதைப் பண்ணையில் பொறுக்கி எடுத்து ஒட்டுக் கட்டி வளர்த்த நல்ல மரங்களின் காயில் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் வேதநாயகம் அந்தத் தோப்பை வெட்டச் சொன்னார். வெட்ட ஆள் வந்த அன்று அமராவதி தோப்பின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். காலனி முழுக்க அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. டாக்டர் குடையோடு வந்தார்.

“அமராவதி, நீயே ஒட்டுக் கட்டுறவ. உனக்கு நான் சொல்லித் தரணுமா? நல்லதை வச்சுக்கிட்டு மத்ததைக் கழிச்சாத்தான் அடுத்த தலைமுறை மரம் நல்லா வரும்.”

“தெரியும் தொர.” தோட்டத்துப் பழக்கத்தில் எந்த அதிகாரியையும் அவள் தொர என்றுதான் கூப்பிடுவாள், அவர் எத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லியும் அது போகவில்லை.

“இதுக்கு மண்ணும் குத்தமில்ல, தண்ணியும் குத்தமில்ல. உங்க ஊர்லயே இந்த மரத்தை எங்கிருந்தோ கொண்டுபோய்த்தான் நட்டிருக்காங்க. அதுல ரெண்டு மூணு மரத்துல மட்டும் விதை பொறுக்கி அனுப்பியிருக்காங்க. எல்லாம் அண்ணன் தங்கச்சிக்குள்ள கட்டிக்கிட்ட மாதிரி. அதான் இப்படிக் கோணலும் மாணலுமா நிக்குது. இது இனி தேறாது.”

“நாங்களுந்தான் எங்கிருந்தோ கொண்டுபோயி வச்சவங்க” என்றாள் அமராவதி. “மரம் தேறாட்டிப் போவட்டும் தொர. எம்மக மேல பெய்யிற மழை இது. இதை வெட்டிப்புட்டா அவ எப்படி இருக்கான்னு நான் யாருகிட்டப் போயிக் கேக்கட்டும்?”

டாக்டர் குடையை மடக்கினார். கொஞ்ச நேரம் அவர்களோடு நனைந்துகொண்டே நின்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. இந்த வருடம் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடமும் அதையே சொன்னார், அதற்கடுத்த வருடமும் சொன்னார். பதிலுக்குப் பூக்காலம் வந்தால் அமராவதியும் மூக்காயியும் கூட நாலு பெண்களும் கூலி வாங்காமல் விதைப் பண்ணைக்குப் போய், மரத்துக்கு மரம் ஏணி வைத்து ஏறி, பெண் பூவுக்கெல்லாம் பை கட்டி, தங்கள் ஊர்த் தூள் படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் அந்த ஆடி மாதம் வந்தது. வழக்கம்போல இலங்கைத் தோப்பில் மழை பிடித்துக்கொண்டு நாள்கணக்காக விடவில்லை. ஒரு காலையில் அமராவதி போய் நின்றபோது துளி கறுப்பாக விழுந்தது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள், சாம்பல் கரைந்த தண்ணீர். தேயிலை வாசனை இல்லை. தகரம் கருகுகிற நாற்றமும் மண்ணெண்ணெய் நாற்றமும் அடித்தன, அவற்றுக்கு அடியில் இன்னொரு நாற்றமும் இருந்தது, அது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அங்கே கலவரம், தமிழர்களின் லயங்களைக் கொளுத்துகிறார்கள் என்று ரேடியோ சொன்னது அதற்குப் பிறகுதான். அமராவதி அந்தக் கறுப்பு மழையிலேயே நின்று, “தெய்வான, தெய்வான” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மழை அங்கேயிருந்து இங்கே வருமே தவிர இங்கேயிருந்து குரல் அங்கே போகாது என்பது அவளுக்குத் தெரியாமலில்லை, இருந்தும் தொண்டை கட்டுகிறவரைக்கும் கூப்பிட்டாள்.

யார் வீட்டுச் சாவு என்று தெரியாததால் காலனியில் யார் வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. தலை முழுகலாமா கூடாதா என்று பெண்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. முழுகினால் உயிரோடு இருக்கிறவர்களைச் சாகடித்த பாவம், முழுகாவிட்டால் செத்தவர்களைத் தெருவில் விட்ட பாவம். கடைசியில் ஆம்பிளைகள் மொட்டை போடாமல் மீசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், பாதித் துக்கத்துக்கு அது போதும் என்று முடிவானது. மீசையில்லாத சன்னாசியைப் பார்க்கிறபோதெல்லாம் அமராவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மழை மறுபடி வெள்ளையாக ஆன பிறகும் அவளால் அதிலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. வலுத்தால் மகள் வீட்டில் இருப்பாள் என்று சொல்ல வீடு இருக்க வேண்டுமே.

ஆவணியில் மண்டபம் அகதி முகாமிலிருந்து ஒரு ஆள் வந்தார். படகில் வந்து இறங்கியவர்களில் ஊசிமலைத் தோட்டத்துத் தெய்வானை என்று ஒரு பெண் இருக்கிறாள், தாயும் தகப்பனும் கொடைக்கானல் மேலே இருக்கிறார்கள் என்று சொல்கிறாள், தனியாகத்தான் இருக்கிறாள், கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். தெய்வானை இருக்கிறாள் என்றதோடு அமராவதியின் காது அடைத்துப்போய்விட்டது. அதற்கப்புறம் சொன்னது எதுவும் உள்ளே ஏறவில்லை. தரையில் விழுந்து கும்பிட்டாள், எழுந்து சிரித்தாள், சன்னாசியின் கையில் ஒரு சேலையையும் கட்டுச்சோற்றையும் கொடுத்து அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டாள். யோகராணியை அவள் கண்ணால் கண்டதில்லை. கண்ணால் காணாத பேத்தி கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். அவள் மனசு கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது.

பஸ் போனதும் அவளுடைய கால் நேராக ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது.

“தொர, எம்மக வந்துட்டா. அந்தத் தோப்ப வெட்டிப்புடுங்க.”

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. “இத்தனை வருசம் நீதானேம்மா வேண்டாம்ன?”

“அப்ப அவ அங்க இருந்தா. இப்ப எனக்கு அந்த மழை எதுக்கு? சாம்பலக் கொட்டுன மழை தொர அது. திரும்ப எப்பக் கொட்டும்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டு வர்ற புள்ள, இங்க வந்தும் அது மேல விழணுமா? அவ வந்து எறங்குறப்ப அந்த மரம் ஒன்னுகூட நிக்கக் கூடாது.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. வெட்டினா வெட்டினதுதான். பைன் மரம் அடியிலேர்ந்து துளிர்க்காது.”

“எனக்குத் தெரியாதா தொர அது?” என்றாள் ஒட்டுக் கட்டுகிறவள்.

சேதி காலனிக்கு வந்ததும் மூக்காயி ஓடிவந்து அமராவதியின் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஆட்டுக் கிடாய் போனபோது போட்ட சத்தமெல்லாம் அவளிடம் இல்லை, குரல் இறங்கிப்போயிருந்தது.

“ஒம்மக வந்துட்டா அமராவதி. எனக்குச் சந்தோசந்தான். எம்மகன் முருகவேலு வரலையே?”

“வருவான் மூக்காயி. எல்லாரும் வந்துருவாங்க. அந்த மழையப் பாத்துப் பாத்துத்தான் நம்ம கண்ணு அவிஞ்சு போச்சு. அது சனியன்.”

“சனியன்னாலும் எம்மகன் மேல பெய்யிற சனியன்டி. நீ கூப்பிட்டுத்தானே நாங்க எல்லாரும் வந்து அங்கன உக்காந்தோம்? ஒரு மரத்தையாச்சும் விட்டு வைக்கச் சொல்லு.”

ஒரு மரத்தை விட்டு வைத்தால் ஒரு மரத்து மழை பெய்யும் என்றாள் அமராவதி. அன்றைக்கு அவளுக்கு யார் முகமும் தெரியவில்லை. மகளின் முகத்தை மட்டும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கழித்துவிட்டாள்.

மறுநாள் வெட்ட ஆரம்பித்தார்கள். ஓரத்து மரங்கள் விழ விழ மழை உள்ளே ஒடுங்கிக்கொண்டே போனது. மத்தியானத்துக்கு மேல் அது ஒரு வீட்டளவுக்குப் பெய்தது, அப்புறம் ஒரு அறையளவு, அப்புறம் ஒரு சேலையை விரித்த அளவு. பிசின் வாசனை மலை முழுக்க வீசியது. கடைசி மரத்துக்குக் கீழே மூக்காயி போய் நின்று முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டாள். கோடாலிக்காரர், “அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மூக்காயி தானாகவே முந்தானையால் முகத்தைத் துடைக்காமல் நடந்து வெளியே வந்தாள், அமராவதியைத் தாண்டிப் போகும்போது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி மரம் சாய்ந்தபோது வழியில் இருந்த துளிகள் தரைக்கு வராமலே போயின. வெள்ளிப்பாறை வெயில் அந்த இடத்தில் வந்து விழுந்தது.

தெய்வானை வந்து இறங்கியபோது அமராவதி அவளை அடையாளம் தெரியாமல் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துத் தேடினாள். அவ்வளவு இளைத்திருந்தாள், முன்தலை நரைத்திருந்தது. கட்டிப்பிடித்துக் கத்தி அழுத அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாளே தவிர அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. சன்னாசி யாருடைய முகத்தையும் பார்க்காமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்து, சுடுசோறு வடித்து, இலை போட்டிருந்தது. தெய்வானை உட்காரவில்லை.

“அப்பா சொன்னாரு, இங்க ஒரு தோப்புல நம்ம ஊரு மழை பெய்யுதாமே. பஸ்ஸுல வர்றப்ப பூராவும் அதைத்தாம்மா நெனச்சுக்கிட்டே வந்தேன். அதைக் காட்டு.”

“மொதல்ல சாப்பிடு தாயி.”

“பாத்துட்டு வந்து சாப்பிடுறேன். யோகராணி ஸ்வெட்டரு போடாம ஓடுனாம்மா.”

அமராவதியின் கையிலிருந்த சோற்றுக்கரண்டி அப்படியே நின்றது.

நெருப்பு வைத்தபோது தெய்வானை பிள்ளையைத் தேயிலைக்குள் ஓடச் சொன்னாள், பின்னாலேயே வருகிறேன் என்று சொன்னாள். கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத நேரம் அது. அவள் போய்த் தேடியபோது தேயிலைக்குள் பிள்ளை இல்லை. ஒரு சிங்களத்து அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். லாரியில் ஏறிய பிள்ளைகளோடு பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். லாரிகள் வவுனியாவுக்குப் போயின, வவுனியாவில் இல்லை. மன்னாரில் படகேறிய பிள்ளைகளில் ஒன்றாக இருக்கலாம் என்றார்கள், அவளும் படகேறினாள், மண்டபத்திலும் இல்லை. இதையெல்லாம் அவள் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரே குரலில் சொன்னாள்.

“அங்கதான் எங்கயோ இருக்கா. மழையில நிக்கிறாளா, காஞ்சிருக்காளான்னு தெரிஞ்சாப் போதும்மா எனக்கு. வேற ஒன்னும் கேக்கல. அதுக்காகத்தான் வந்தேன்.”

தெய்வானை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள், அமராவதி கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் போனாள். வெட்டிய சேதி சன்னாசிக்கு அதுவரை தெரியாது. அவன்தான் முன்னால் நடந்து சரிவில் ஏறினான், ஏறியவன் பாதி வழியில் நின்றுவிட்டான். இலங்கைத் தோப்பு இருந்த இடத்தில் பிசின் வடிந்து காய்ந்த வட்ட அடிக்கட்டைகள் வெயிலில் கிடந்தன. ஒருபுறம் மெக்சிகோத் தோப்பு இருட்டாக நின்றது, மறுபுறம் பிலிப்பைன்ஸ் தோப்பில் என்னவோ காற்று. நடுவில் ஒன்றுமில்லை, வானம் மட்டும் நீலமாக இருந்தது.

“இங்கதானே?” என்று தெய்வானை கேட்டாள். அவள் கட்டைகளுக்கு நடுவே நடந்து போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்காமல் வெகுநேரம் நின்றாள்.

“யாரு வெட்டுனது?”

“நாந்தான்” என்றாள் அமராவதி. “நான் பாவி. நீ வந்துட்டியேன்னு நாந்தாம்மா வெட்டச் சொன்னேன். எனக்கு ஒம்புள்ள ஞாபகம் வரல தெய்வான. எம்புள்ள ஞாபகந்தான் வந்துச்சு.” அவள் கட்டை மேல் தலையை முட்டிக்கொண்டாள். சன்னாசி பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

தெய்வானை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அமராவதிக்கு நன்றாக இருந்திருக்கும். மகள் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“இத்தன வருசம் பாத்துருக்கியேம்மா. மரம் இல்லாட்டியும் உனக்குத் தெரியும். இப்ப அங்க மழையா?”

அமராவதி வானத்தைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், கட்டைகளைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஊர் அவளுக்குள் முழுசாக அணைந்துபோயிருந்தது.

“இல்ல தாயி” என்றாள். “வெயிலு. நல்ல வெயிலு.”

பின்னாலேயே ஏறி வந்து நின்ற காலனிச் சனத்திலிருந்து மூக்காயி முன்னால் வந்தாள். தோப்பு விழுந்ததிலிருந்து அமராவதி வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள், இப்போது அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

“ஆமா தாயி” என்றாள் மூக்காயி. “கொஞ்ச நாளாவே அங்கன வெயிலுதான். மரம் சாயுறப்பக்கூட நான் பாத்தேன்.”

ஆவணி மாதத்தில் ஹட்டனுக்கு மேலே அப்படி வெயில் அடிக்காது என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெய்வானைக்கும் தெரியும், அவள் ஒரு ஆவணியில் பிறந்தவள். அவள் மூக்காயியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

“அப்ப புள்ள உடுப்பு காஞ்சிருக்கும்” என்றாள். பிறகு அந்தக் கட்டைகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்து, “பசிக்குதும்மா, சோத்த இங்கயே கொண்டா” என்றாள்.